டெபாசிட் போச்சு

அப்பாவுக்கு திடீர்னு ஆபரேஷன்னு ஆகிடுச்சு, குடும்பமா போக வச்சிருந்த பேக்கேஜ் டூரை கேன்சல் பண்ண வேண்டியதா போச்சு. கிளம்ப இன்னும் 40 நாள் இருக்கே, கட்டுன டெபாசிட்ல பாதியாவது வரும்னு நம்பி போன் பண்ணேன், எதுவுமே வராதுன்னுட்டாங்க. புக் பண்றப்ப படிக்காம டிக் பண்ண கண்டிஷன்ஸை அன்னிக்கு ராத்திரிதான் உக்காந்து முழுசா படிச்சேன். டெபாசிட் எப்ப கேன்சல் பண்ணாலும் போயிடுமாம், அதுக்கு மேல கிளம்புற தேதி நெருங்க நெருங்க மொத்த தொகையில பிடிக்கிற சதவீதமும் ஏறிக்கிட்டே போகும், கடைசி சில நாள்னா மொத்தமும் போகலாம். அதனால போக முடியாதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே மெயில்ல எழுதி அனுப்பிடுங்க, போன்ல சொன்னதுக்கு அப்புறம் ஆதாரம் இருக்காது.

கேன்சலுக்கு பதிலா பேரை மாத்தி வேற யாருக்காவது குடுக்கலாமா, தேதியை தள்ளி வைக்கலாமான்னு முதல்ல கேட்டிருக்கணும், பதட்டத்துல எனக்கு அது தோணவே இல்ல. டிராவல் இன்சூரன்ஸும் புக் பண்ண அன்னிக்கே எடுத்திருக்கணும், உடம்பு முடியாம போனப்புறம் எடுத்தா அந்த காரணத்துக்கு பணம் வராது.

அப்பா இப்ப நல்லா இருக்கார். ஆனா "என்னாலதானே போச்சு"ன்னு அவர் திரும்பத் திரும்ப சொல்றதுதான் தாங்க முடியல.