சைக்கோ வரும்வரை

ஆகஸ்ட் 13, 2020
விழித்திரை அறுவைச் சிகிச்சை, கண்ணுக்குள் வாயுக் குமிழி விட்டிருக்கிறார்கள். குப்புறப் படுத்து, போனைத் தரையில் வைத்து ஒரு கண்ணால் தட்டுகிறேன். செப்டம்பர் 8 அமெரிக்காவில் வெளியீடு. இயக்குநர் ஹிட்ச்காக்கின் படங்கள் நான்கு, ஒரே பெட்டியில், துல்லியமான 4கே டிஸ்க்கில்: 'ரியர் விண்டோ', 'வெர்டிகோ', 'சைக்கோ', 'தி பேர்ட்ஸ்'. மற்ற மூன்றும் வரட்டும், சந்தோஷம். எனக்கு 'சைக்கோ' வேண்டும்.

ஆகஸ்ட் 15
கழுத்து வலி.

ஆகஸ்ட் 16
இந்த முறை வெட்டுப்படாத வடிவமும் உண்டு. இத்தனை வருஷமாக நாம் டிஸ்க்கில் பார்த்தது கொஞ்சம் கத்தரித்த பிரதி. ஜெர்மன் தொலைக்காட்சியில் ஓடிய பிரதியில் அந்தத் துண்டுகள் இருந்தன. சுவர் ஓட்டை வழியே விடுதிக்காரன் நார்மன் பார்க்கும்போது, அங்கே தங்க வந்த மரியன் உடை களைவது இன்னும் சற்று நீளும். மாடிப்படிக்குக் கீழே துப்பறியும் ஆர்போகாஸ்ட் மேல் கத்தி இன்னும் சில தடவை இறங்கும். குளியலறையில் மரியன் கொலையான பிறகு நார்மனின் கைகளில் ரத்தம் கூடுதலாகச் சில கணம் தெரியும். எல்லாம் சேர்ந்து கால் நிமிடம் தேறாது. எனக்கு அந்தக் கைகள்தான் முக்கியம். அம்மா செய்த பாவத்தைக் கழுவுகிற பிள்ளை என்று நாம் அவனை நம்பி, அவன் பக்கம் சாய்கிற இடம் அது. அங்கே போய் அவசரப்படலாமா?

ஆகஸ்ட் 20
அட்ரோபின் சொட்டு விட்டதில் கண்மணி அகல விரிந்துகிடக்கிறது. இறந்துகிடக்கும் மரியனுக்குக் கண்மணி சுருங்கியிருக்கிறதே, செத்தவர்களுக்கு விரிந்தல்லவா இருக்கும், பெல்லடோனா சொட்டு விட்டிருக்கலாமே என்று கண் மருத்துவர்கள் ஹிட்ச்காக்குக்கு எழுதியதாக ஒரு கதை உண்டு. அட்ரோபின் பெல்லடோனாச் செடியின் சரக்குதான். தண்ணீர் சுழித்து இறங்கும் துளை மெல்லக் கரைந்து அவள் கண்ணாக மாறும் ஷாட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 27
குமிழி சுருங்குகிறது. மேல்பாதி தெளிவு, கீழே ஒரு கோடு தளும்புகிறது. தலையை அசைத்தால் அதுவும் அசைகிறது. விளக்கைப் பார்த்தால் வெளிச்சம் சிதறுகிறது. மரியன் ராத்திரி மழையில் கார் ஓட்டும்போது எதிர்விளக்குகள் கண்ணாடியில் இப்படித்தான் உடையும்.

செப்டம்பர் 3
விமர்சனங்களை அக்காவை வாசிக்கச் சொன்னேன். "டேய், கிரெய்ன் கிரெய்ன்னு எழுதியிருக்கான். அது குறையா, நிறையா?"

நிறைதான் அக்கா. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவமே அந்த வெள்ளித் துகள்களால் ஆனது. சுத்தம் பண்ணுகிறேன் என்று கணினியில் அதை வழித்தால் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். கீறலை எடுக்கலாம், தூசியை எடுக்கலாம், துகளில் கைவைக்கக் கூடாது. ஹிட்ச்காக் தன் தொலைக்காட்சித் தொடரின் ஆட்களை வைத்துக்கொண்டு சிக்கனமாக எடுத்த படம் அது, அந்தச் சொரசொரப்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது. இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் மருந்து எடுக்கப் போய்விட்டாள்.

ஒலியும் பழைய ஒற்றைத் தட மோனோவாகவே வேண்டும். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதிக்கொண்டு வந்தார், அதுவும் வெறும் தந்தி வாத்தியங்களுக்கு. அந்தக் கீச்சு எதிரிலிருந்து வர வேண்டும், அறையின் நாலு மூலையிலிருந்தும் அல்ல.

செப்டம்பர் 8
வெளியாகிவிட்டது. நமக்கு இன்னும் கிளம்பவே இல்லை.

செப்டம்பர் 11
விழித்திரை ஒட்டியிருக்கிறதாம். ஓரத்தில் ஓர் இடத்தை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டுமாம். "எப்போது படம் பார்க்கலாம்?" என்றேன். டாக்டர் பதில் சொல்லாமல் அடுத்த தேதியை எழுதினார்.

செப்டம்பர் 14
எரிச்சல். எல்லோர் மேலும்.

செப்டம்பர் 22
வந்துவிட்டது! குமிழி இன்னும் கீழ் ஓரத்தில் உருள்கிறது. கண் வலித்தால் நிறுத்திவிடலாம், அந்தக் கை கழுவுகிற இடத்தை மட்டும் முதலில் போடட்டுமா என்கிறாள் அக்கா. கூடாது. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று 1960-ல் தியேட்டர்காரர்களிடம் கறாராகச் சொல்லி ஓட்டிய படம். டைட்டிலில் சால் பாஸ் வடிவமைத்த கோடுகள் திரையை வெட்டிக்கொண்டு ஓடுமே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அக்கா ரிமோட்டைத் தேடுகிறாள்.