தப்புச் சத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு ஹெட்போன்

தகரத்தில் மழை பிடித்துவிட்டால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. போன ஞாயிறு அப்படி ஒரு மழையில்தான் அக்கா மகன் போன் எடுத்தான். "மாமா, ஒரு ஹெட்போன் வாங்கணும். பதினஞ்சாயிரத்துக்குள்ள. ரொக் கேக்கத்தான். எது நல்லா இருக்கும்?" என்று கத்தினான். மழை விடட்டும், எழுதியே அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால், அவன் ஒருவனுக்கு மட்டும் சொல்லி முடிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. இங்கே இலங்கை மலையகத்தில், கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இதையே கேட்டிருக்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பதினைந்தாயிரம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால் பதினோரு நாள் மலையில் நின்று தேயிலைக் கொழுந்து எடுக்க வேண்டும். அம்மா அந்த வேலையைச் செய்துதான் என்னைப் பேராதனைக்குப் படிக்க அனுப்பினார். ஒரு ஹெட்போனுக்கு அவ்வளவு காசு கொடுப்பதென்றால், அது காதுக்குச் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

நான் முதல் தடவை சரியாக வாங்கவில்லை. 2017இல் ஆசிரியர் வேலைக்குப் போய் முதல் சம்பளம் கையில் வந்ததும் கண்டியில் ஒரு கடைக்குப் போனேன். பெட்டி முழுக்க பேஸ், பேஸ் என்று, அதாவது தாழ்ந்த சுரம் தூக்கலாக இருக்கும் என்று, எழுதியிருந்த ஒன்றைக் கடைக்காரத் தம்பி எடுத்துக் கொடுத்தான். அவனே அவனுடைய போனில் ஒரு டான்ஸ் பாட்டையும் போட்டான். மண்டைக்குள் திம் திம் என்று இடித்தது. ஆகா என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து என்னுடைய பாட்டுகளைப் போட்டால், பாடுகிறவர் பக்கத்துக் காம்பிராவில் இருந்து பாடுகிற மாதிரி இருந்தது. இரண்டு கிட்டாரும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. ட்ரம்ஸ் அடி ஒவ்வொன்றும் நனைந்த சாக்கு விழுகிற மாதிரி 'பொத்' என்று விழுந்து, அடுத்த அடி வரும்வரைக்கும் அங்கேயே கிடந்தது. ஒரு மாதம் விடாமல் கேட்டுப் பார்த்தேன். பழகவில்லை.

என்ன பிழை என்று எனக்குப் புரிய வைத்தது தாத்தாவின் ஞாபகம்.

தாத்தா எங்கள் தோட்டத்தில் தப்பு என்கிற பறையை அடித்தவர். மாசியில் காமன் கூத்து தொடங்கினால் அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இங்கே பனிக்கும் ஈரத்துக்கும் தப்பின் தோல் தளர்ந்து போய்விடும். அதனால் அடிக்கப் போவதற்கு முன்னால் காய்ந்த மானாப்புல்லையும் கடதாசியையும் கொளுத்தி, தப்பை நெருப்புக்கு நேரே பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார். நானும் பக்கத்தில் குந்தியிருப்பேன். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார். முதலில் 'தொப்' என்று செத்த சத்தம் வரும். கொஞ்சம் காய்ந்ததும் 'தம்' என்று திரளும். இன்னும் காய்ந்தால் சுண்டின மாத்திரத்தில் 'டங்' என்று தெறித்து, தெறித்த வேகத்திலேயே நின்றும் விடும். அந்த நிலைக்கு வந்த பிறகுதான் பட்டியைத் தோளில் மாட்டுவார். தடித்த குச்சியால் ஓர் அடி, மெல்லிய நீளக் குச்சியால் ஓர் அடி. எவ்வளவு வேகமாக அடித்தாலும் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

நான் கண்டியில் வாங்கிய ஹெட்போன், காய்ச்சாத தப்பு. சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் அடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன். ஹேர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது; எண் குறைந்தால் தாழ்ந்த சுரம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸ். சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பி 82. எலெக்ட்ரிக் கிட்டாருக்கென்றே செய்கிற 12 அங்குல ஸ்பீக்கர்கள் 5,000 ஹேர்ட்ஸ் பக்கம் தாண்டியதும் சட்டென்று இறங்கிவிடும். ஆக, கிட்டாரின் சத்தத்தில் முக்கியமானதெல்லாம் 80க்கும் 5,000க்கும் இடையில் இருக்கிறது. பாடுகிறவரின் குரலும் பெரும்பாலும் அதே இடத்தில். ஸ்னேர் ட்ரம்மின் உடம்பும் அங்கேதான். ஒரே காம்பிராவில் ஏழெட்டுப் பேர் படுக்கிற மாதிரி எல்லோரும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். அந்த நெருக்கத்துக்குள் ஒவ்வொருவரையும் பிரித்துக் காட்டுகிற ஹெட்போன்தான் ரொக்குக்கு வேண்டும். 100 முதல் 250 வரைக்கும் வீங்கிய ஹெட்போன் அந்த நடுவை மூடிவிடும். மேலே 6,000, 8,000 பக்கம் அளவுக்கு மிஞ்சித் தூக்கியிருந்தால், ட்ரம்ஸின் சிம்பல் தட்டு, தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி காதைக் குத்தும். அரை மணித்தியாலத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள்.

பெட்டியில் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பார்களே, அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். எங்கே தூக்கியிருக்கிறது, எங்கே பள்ளம் என்று அந்த எண் சொல்லாது. அறுநூறு ரூபாய் பெட்டியிலும் அதே எண்தான் இருக்கிறது.

அடுத்தது மழை. பின்பக்கம் திறந்த ஹெட்போன், மூடிய ஹெட்போன் என்று இரண்டு சாதி இருக்கிறது. திறந்ததில் சத்தம் காற்றோட்டமாக, தலைக்கு வெளியே நிற்கிற மாதிரி கேட்கும். கொஸ் போர்ட்டா ப்ரோ அந்த வகை. 1984இல் வந்தது, இன்றைக்கும் அநேகமாக அதே உருவத்தில் விற்கிறார்கள். ஒரு ஏப்ரல் கடைசியில் நண்பர் ஒருவரிடம் அதை இரவல் வாங்கினேன். முதல் பத்து நாளும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிட்டார் கம்பியில் விரல் உராய்வது வரைக்கும் கேட்டது. மே மாதம் பிறந்து, தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் இறங்கியது. தகரத்துச் சத்தம் முழுவதும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நானும் சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். ஒரு ராத்திரி கழற்றி வைத்தபோது காதுக்குள் 'ங்' என்று ஒரு ரீங்காரம். விடியும் வரைக்கும் அது போகவில்லை. அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதை நான் சின்ன விஷயமாக எடுக்க மாட்டேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர்களுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவர். இப்போது அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது: 80 டெசிபெல் என்றால் ஒரு கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் 4 மணித்தியாலம்தான். பத்து டெசிபெல் கூடினதற்கு முப்பத்தாறு மணித்தியாலம் போய்விடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம்முடைய காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் இன்னும் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெச்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. மழை பேஸை மூடுகிறது, நாம் பேஸுக்காகக் கூட்டுகிறோம், கூட்டக் கூட்டக் காது போகிறது. வெளிச்சத்தத்தைத் தடுத்துவிட்டால் கூட்டுகிற தேவையே வராது. அதனால் மலையகத்தில் தகரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்னுடைய பதில், மூடிய ஹெட்போன். போர்ட்டா ப்ரோவின் சத்தத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஓட்டு வீடோ கொங்கிரீட் சிலெப் போட்ட வீடோ இருப்பவர்கள் தயங்காமல் அதை வாங்கலாம்.

புளூடூத்தா வயரா என்றும் கேட்பார்கள். இந்தப் பட்ஜெட்டில் வயர்தான். புளூடூத் ஹெட்போனில் நீங்கள் கொடுக்கிற காசில் பட்டரிக்கு ஒரு பங்கு, சிப்புக்கு ஒரு பங்கு, மைக்குக்கு ஒரு பங்கு போகிறது. வயரில் அந்தக் காசு சத்தத்துக்குப் போகும். நாலைந்து வருஷத்தில் பட்டரி செத்துப்போகிற கதையும் இல்லை. போனில் பின் போடுகிற ஓட்டை இல்லாவிட்டால் ஒரு டைப்-சி கொன்வேட்டர் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஹெட்போனின் மின்தடையைச் சொல்கிற ஓம் அளவை மட்டும் பாருங்கள். 32இலிருந்து 60 வரை உள்ளதைப் போனே தாங்கும். 250 ஓம் என்று ஸ்டூடியோவுக்குச் செய்தது ஏதாவது மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். அதற்குச் சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் தனியாக வேண்டும்.

கடையில் கேட்டுப் பார்ப்பதைப் பற்றி அவனுக்கு நிறையச் சொல்ல வேண்டும். கடைக்காரர் போடுகிற பாட்டை வைத்து வாங்கவே கூடாது. நூறு தடவை கேட்ட உங்கள் பாட்டு மூன்றை உங்கள் போனிலேயே இறக்கிக் கொண்டு போங்கள். என்னிடம் எப்போதும் இருப்பது லெட் செப்பல் என்ற ரொக் குழுவின் 1971ஆம் ஆண்டு அல்பத்தின் கடைசிப் பாட்டு. அதன் ட்ரம்ஸை ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், மாடிப்படி ஏறுகிற ஹோலில் வைத்து அடித்து, மைக் இரண்டை மேலே இருந்து தொங்கவிட்டுப் பதிந்திருக்கிறார்கள். நல்ல ஹெட்போனில் அடி முதலில் கேட்கும், பிறகு அந்த ஹோலின் உயரம் கேட்கும். மோசமான ஹெட்போனில் இரண்டும் சேர்ந்து ஒரே உறுமலாக வரும். முதல் பத்து செக்கனிலேயே தெரிந்துவிடும்.

மெட்டாலிக்கா என்ற இன்னொரு குழுவின் 1988ஆம் ஆண்டு அல்பத்தை மட்டும் இதற்குக் கொண்டு போக வேண்டாம். அதைக் கலந்தபோதே பேஸ் கிட்டாரை அநேகமாகக் கேட்காத அளவுக்குத் தாழ்த்திவிட்டார்கள். அது தெரியாமல் ஒரு நல்ல ஹெட்போனைப் பேஸ் இல்லை என்று நான் கடையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன்.

இரண்டை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாகக் கேட்பது எப்போதும் நல்லதாகத்தான் தோன்றும். ஒன்று மெதுவாகக் கேட்டால் அதைக் கூட்டிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அப்புறம், தலையில் போட்டு ஒரு இருபது நிமிஷம் நில்லுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பில் ஹெட்போன் அழுத்தினால் காதோரம் வலிக்கும். காம்புக்குப் பக்கத்தில் இடைவெளி விழுந்தால் பேஸ் அதன் வழியாக ஒழுகிப் போகும்.

சரி, பெயர் சொல்கிறேன். நான் இப்போது வைத்திருப்பது ஓடியோ டெக்னிக்கா எம்20எக்ஸ். மூடியது, 47 ஓம், போனிலேயே நன்றாக ஓடும். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற ஒரு தம்பியிடம் கண்டியில் 14,000 ரூபாய்க்குப் பழசாக வாங்கினேன். பேஸ் இருக்கிறது, நடுவை மூடாமல் இருக்கிறது. கிட்டார் இரண்டும் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்கின்றன. வயர் கழற்ற முடியாதது, மூன்று மீட்டர் நீளம். அது ஒரு தொல்லைதான். காசு கொஞ்சம் சேர்த்துக்கொண்டு காத்திருக்க முடியுமென்றால் சோனி எம்டிஆர் 7506ஐ எங்காவது பழசாகத் தேடலாம். 1991இலிருந்து ஸ்டூடியோக்களில் பாவிக்கிறார்கள். ட்ரம்ஸ் பிசிறில்லாமல் கேட்கும், ஆனால் மேல் சுரம் கொஞ்சம் கூர்மை. ஆறேழாயிரம்தான் இருக்கிறதென்றால் பெரிய ஹெட்போனை மறந்துவிட்டு மூன்ட்ரொப் சூ மாதிரி காதுக்குள் போடுகிற ஒன்றை எடுங்கள். அந்த விலைக்கு வருகிற பெரிய ஹெட்போன்கள் எதையும் விட அதில் குரலும் கிட்டாரும் ஒழுங்காக இருக்கும். மழையையும் நன்றாகத் தடுக்கும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் பழசோ புதுசோ, எங்கே வாங்கினாலும் ஒரு காரியம் செய்யுங்கள். பாட்டு ஓடும்போது, போனில் செருகுகிற பின்னுக்குப் பக்கத்தில் வயரை மெதுவாக மடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

கடைசியாகப் பூஞ்சணம். எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் சப்பாத்து முதல் சாமிப்படம் வரைக்கும் எல்லாவற்றிலும் பிடிக்கும், ஹெட்போனின் காதுப்பஞ்சை மட்டும் விடுமா? கேட்டு முடிந்ததும் பஞ்சைத் துணியால் துடைத்து, மூடி இறுகுகிற பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வைக்கிறேன். சப்பாத்துப் பெட்டியில் வருமே, அந்தப் பொட்டலம்தான். அப்படி இருந்தும் மேல்தோல் உரிந்து ஒரு தடவை பஞ்சு மாற்றினேன். பஞ்சு நைந்தால் சத்தமும் மாறும். புதுசு போட்ட அன்றைக்கு, தொலைந்துபோன பேஸ் திரும்பி வந்தது.

அக்கா மகனுக்குச் சொல்லியிருக்கிறேன், வருகிற சனிக்கிழமை ஹட்டனுக்கு வா, சேர்ந்தே கடைக்குப் போவோம் என்று. அதற்கு முன்னால் என்னுடைய எம்20எக்ஸை இந்த ஒரு கிழமை அவன் கேட்கட்டும். வயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, பெட்டியில் வைத்து, நாளைக்குக் காலை பஸ்ஸில் அவன் பக்கம் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே என்று மேலே ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.