அந்தக் குட்டை யாருக்காக

புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில், மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாகக் கீழே விட ஒரு குட்டை வெட்டுவார்கள். அந்த மாதிரிக் குட்டைகளுக்குக் கணக்குப் போடுவது என் வேலை. "இந்தக் குட்டையால எங்களுக்கு என்ன சார் நன்மை?" என்று அப்படி ஒரு குடியிருப்பின் சங்கச் செயலாளர் கேட்டார். "நேரடியா ஒண்ணும் இல்லை மேடம். இது கீழே இருக்கிறவங்களுக்காக" என்று சொன்னேன். அதன் பிறகும் கூட்டம் வெகுநேரம் நடந்தது. எனக்கு நினைவில் நிற்பது இதற்கு அவர் சொன்ன மறுமொழிதான்: "அப்போ அவங்களே வந்து தூர் வாரட்டும்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொன்னார். புல் வெட்ட வேண்டும், வண்டல் அள்ள வேண்டும், கம்பித் தடுப்பில் சிக்கும் குப்பையை எடுக்க வேண்டும். எல்லாம் சங்கத்தின் செலவு. இவ்வளவும் செய்து அவர்களுக்குக் கிடைப்பது கொசு. அதனால் ஒரு கோரிக்கை வைத்தார்கள். குட்டையின் அடிமட்டத்தில் இருக்கும் 75 மில்லிமீட்டர் ஓட்டையை 150 ஆக்கிவிடுங்கள். தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், அடைப்பும் இருக்காது. நான் முடியாது என்றேன்.

முடியாது என்றதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டையின் விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்போது 75 மி.மீ. ஓட்டை விநாடிக்குச் சுமார் 12 லிட்டர் விடும். 150 மி.மீ. என்றால் சுமார் 47 லிட்டர். குட்டை வெட்டியதே தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதற்குத்தான். அந்த 'மெதுவாக' முழுவதும் அந்தச் சின்ன ஓட்டையில்தான் இருக்கிறது.

வீடு கட்டுவதற்கு முன் அந்த நிலம் மழையில் ஒரு பகுதியைக் குடித்துக்கொண்டிருந்தது. கூரையும் தார்ச்சாலையும் வந்தபின் குடிக்க இடம் குறைந்துவிட்டது. 10 ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிந்தோடும் பங்கு 0.3 ஆக இருந்தபோது உச்ச ஓட்டம் விநாடிக்கு அரை கன மீட்டர். அது 0.6 ஆனதும் ஒரு கன மீட்டர். இது குறைத்துச் சொல்லும் கணக்குதான். வழவழப்பான வாய்க்கால்களில் தண்ணீர் முன்பைவிட விரைவாக வந்து சேருவதால் உச்சம் இன்னும் கூடும். அந்தக் கூடுதலை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் குட்டை. அது நிறையாமல் கிடப்பதைப் பார்த்து, "நாங்க குடிவந்ததிலிருந்து ஒரு தடவைகூட நிரம்பலையே, கார் நிறுத்த விடலாமே" என்று கூட்டத்தில் இன்னொருவர் கேட்டார். அந்த இடம் காலியாகக் கிடப்பதே '100 ஆண்டு மழை' போன்ற பெருமழைக்காகத்தான்; 100 ஆண்டு மழை என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் மழை என்று பொருளில்லை, எந்த ஆண்டிலும் அதற்கு ஒரு சதவீத வாய்ப்பு உண்டு என்றேன். வீட்டுக்கடன் கட்டும் 30 ஆண்டுகளில் அது ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு. அவர் தலையாட்டினார். புரிந்ததா, மரியாதைக்காக ஆட்டினாரா, தெரியவில்லை.

ஆனால் கூட்டத்தில் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த 75 மி.மீ. ஓட்டை பெரிய மழைக்கானதே இல்லை. பெரிய மழையைக் கட்டுப்படுத்துவது அதற்கு மேலே இருக்கும் அகலமான திறப்பும், எல்லாம் மீறினால் உபரி நீர் வழிந்தோடக் கரையில் விட்டிருக்கும் கலிங்கும்தான். அடி ஓட்டையைப் பெரிதாக்கினால் கீழே வெள்ளம் வந்து வீடு முழுகிவிடாது. அதனால் கெடுவது அடிக்கடி பெய்யும் சின்ன மழையின் ஓட்டம். அது கூடினால் கீழே இருக்கும் ஓடையின் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். "கீழே இருக்கிறவங்களுக்காக" என்று நான் சொன்னபோது, கேட்டவர்கள் மனதில் ஓடியது வெள்ளம் சூழ்ந்த வீடுகளாகத்தான் இருக்கும். நான் அதைத் திருத்தவில்லை. குட்டை முழுவதையும் எடுத்துக்கொண்டால் என் பதில் உண்மை. அவர்கள் கேட்டதோ அந்த ஓட்டையைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே பதில் போதுமா? கூட்டத்தில் இதையெல்லாம் விரித்தால் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்றும் தோன்றுகிறது.

வேறு பதில் ஏதாவது சொல்லியிருக்கலாமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, எல்லாருமே யாருக்கோ கீழேதான் இருக்கிறோம், உங்களுக்கு மேலே இருப்பவர் குட்டை வெட்டியதால்தான் உங்கள் தெரு காய்ந்திருக்கிறது என்பது. நல்ல பதில். ஆனால் அந்தக் குடியிருப்பு மேட்டின் உச்சியில் இருந்தது. அதற்கு மேலே யாருமில்லை. அங்கே அதைச் சொன்னால் பொய். குட்டை உங்கள் சாலைகளையும் காக்கிறது என்றும் சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மை. அவர் நேராகக் கேட்டார், நானும் நேராகச் சொன்னேன். அடுத்த ஆண்டு வரவு செலவில் குட்டைக்கான தொகையைக் குறைத்துவிட்டார்கள். என் பதிலால் குறைத்தார்களா, எப்படியும் குறைத்திருப்பார்களா என்பதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். கட்டுமானம் நடக்கும்போது நிலம் முழுக்கத் தோண்டிக் கிடக்கும். அப்போது பெய்யும் மழையில் அடித்துவரும் மண்ணெல்லாம் குட்டையில்தான் படியும். ஒப்படைப்பதற்கு முன் அதை அள்ளி, வரைபடத்தில் இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுவந்து, அளந்து காட்டித்தான் கொடுக்க வேண்டும். இங்கே கட்டியவர்கள் அதைச் செய்யவில்லை. வண்டலை முதலில் பிடித்துக்கொள்ள நுழைவாயிலில் விட்டிருந்த சின்னக் குழி நிரம்பி, மேலே புல் முளைத்திருந்தது. அங்கே அப்படி ஒரு குழி இருக்கிறது என்பதே சங்கத்துக்குத் தெரியாது. வீடு வாங்கியவர்கள் கையில் கொடுத்த காகிதங்களில் நீச்சல் குளத்துக்குப் பராமரிப்புக் குறிப்பு இருந்தது, இதற்கு இல்லை. பிறகு வந்து, செலவு உங்களுடையது, பலன் வேறொருவருடையது என்று நான் சொல்கிறேன்.

கொசு விஷயத்திலும் அப்படித்தான். ஒழுங்காக வேலை செய்யும் குட்டையில் மழை நின்று இரண்டு மூன்று நாட்களுக்குள் தண்ணீர் வடிந்துவிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க, வெப்பமான காலத்திலும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வடிகிற குட்டையில் கொசு பெருக நேரமில்லை. அடைத்த குட்டையில் வேண்டிய நேரம் உண்டு. அங்கே ஓட்டை அடைத்திருந்தது. நானே இறங்கிப் பார்த்தேன். கம்பித் தடுப்பின் மேல் புல்வெட்டும் இயந்திரம் கக்கிய புல் பாய் போலப் படிந்து, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தது. சரிவில் வெட்டிய புல்லை அள்ளாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். முதல் மழை அதைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கையால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, கருத்துப்போய், அழுகிய நாற்றத்தோடு. கவர் விடுபட்டதும் தண்ணீர் சுழித்து உள்ளே இறங்கியது. சரிவின் மேலே நின்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். "இவ்வளவுதானா சார்?" என்றார் செயலாளர். இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் இவ்வளவு.

அப்புறம் ஒருநாள் அவரே ஃபோன் செய்து, கீழே இருக்கும் ஓடையைப் பார்க்க வேண்டும் என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. சேர்ந்து போனோம். ஒரு வளைவில் கரை செங்குத்தாக வெட்டுப்பட்டு நின்றது. மரத்தின் வேர்கள் மண்ணில்லாமல் காற்றில் தொங்கின. அதற்குச் சில அடி தள்ளி ஒரு வீட்டின் சுற்றுச்சுவர், அதில் அடியிலிருந்து மேலே ஏறும் விரிசல். செயலாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம தண்ணியா சார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அந்த ஓடைக்கு எங்கள் குட்டை ஒன்றிலிருந்து மட்டும் தண்ணீர் வருவதில்லை. குட்டையே இல்லாத பழைய தெருக்களின் தண்ணீரும் அதில்தான் கலக்கிறது. அதோடு, எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கடமும் உண்டு. குட்டை தண்ணீரின் அளவைக் குறைப்பதில்லை, உச்சத்தை மட்டும் தட்டி, நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. இப்படித் தள்ளிப்போன ஓட்டம், தொலைவிலிருந்து தாமதமாக வரும் இன்னொரு ஓட்டத்தோடு ஓடையில் சேர்ந்துகொண்டால், குட்டை இல்லாததைவிட மட்டம் உயர்வதும் உண்டு. ஒவ்வொரு குடியிருப்பையும் தனித்தனியாக எடுத்துக் கணக்குப் போட்டால் இது தெரியாது, ஓடை முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் குட்டைக்கு அந்தக் கணக்கு போடவில்லை, அனுமதிக்கு அது கேட்கப்படவும் இல்லை. "நம்ம தண்ணியும் இருக்கு மேடம்" என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தில் அவ்வளவு உறுதியாகப் பேசியவன், அந்தக் கரையில் நின்று 'தண்ணியும்' என்பதில் இருக்கும் 'உம்'மைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அவர் அதை வைத்து என்னை மடக்கவில்லை. அடுத்த வாரம் கடிதம் வந்தது. 150 வேண்டாம், 100 மி.மீ. ஆக்க முடியுமா என்று கேட்டிருந்தார். போய்ப் பார்த்து, யோசித்து, இறங்கிவந்து கேட்ட கேள்வி. இதற்குப் பதில் சொல்வது முன்பைவிடக் கடினமாக இருக்கிறது. 100 என்றால் பரப்பு 1.78 மடங்கு. அதே ஒரு மீட்டர் மட்டத்தில் விநாடிக்குச் சுமார் 21 லிட்டர். கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். பெரிய மழையில் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. இரண்டு ஆண்டு மழையில், அதாவது எந்த ஆண்டிலும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள சின்ன மழையில் மட்டும், வெளியேறும் தண்ணீர் அனுமதித்த அளவைத் தாண்டுகிறது, கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தைப் பார்த்து மறுபடியும் முடியாது என்று எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் வேறொன்று இடித்தது. 75 மி.மீ. ஓட்டை காகிதத்தில் 12 லிட்டர் விடும். அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் விடாது. அப்போது மேல் திறப்பின் மட்டம் வரை தண்ணீர் தேங்கி நிற்கும். அடுத்த பெருமழை வரும்போது குட்டையில் அவ்வளவு இடம் போயிருக்கும். பிடிக்க வேண்டிய தண்ணீர் சீக்கிரமே மேல் திறப்பில் விழும், அதற்கும் மேலே போனால் கலிங்கைத் தாண்டும். செலவைக் குறைத்துவிட்ட சங்கம் ஒவ்வொரு மழைக்கும் ஆளை அனுப்பப் போவதில்லை. அப்படியென்றால் அடைத்துக்கொள்ளும் 75-ஐவிட, ஓரளவு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் 100 கீழே இருப்பவர்களுக்கு நல்லதில்லையா? யாருக்காக முடியாது என்றேனோ அவர்களுக்காகவே சரி என்று சொல்ல வேண்டியிருக்குமோ?

ஆனால் பராமரிப்பில்லை என்பதற்காக ஓட்டையைப் பெரிதாக்கத் தொடங்கினால் அது 100-இல் நிற்குமா என்ற பயமும் விடவில்லை. குப்பை 100-ஐயும் அடைக்கும். அப்போது 150 கேட்பார்கள்.

இப்போதைக்கு நடுவில் ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். ஓட்டை 75 ஆகவே இருக்கட்டும். அதன் முன்னால் கீழ்நோக்கி வளைந்த குழாய் ஒன்றைப் பொருத்துவோம். மிதந்து வரும் புல்லும் கவரும் மேலேயே நிற்க, தண்ணீர் அடியிலிருந்து உள்ளே போகும். கம்பித் தடுப்பையும் பெரிதாக்கிச் சாய்வாக வைப்போம். வெட்டிய புல்லை அன்றன்றே அள்ளிவிடுங்கள். ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு, அப்போதும் அடைத்தால் 100-க்கு அனுமதி கேட்டு நானே எழுதுகிறேன்.

செயலாளர் ஒப்புக்கொண்டார். குழாயின் செலவு யாருடையது என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.