ஓல்ட் பே தூளுக்கு மாற்று: செலரி வாசனை ஒருவழியாகப் பிடிபட்டது

கிராம்பு, பட்டை, மிளகு எல்லாம் சரியாக விழுந்தும் நாக்கில் வைத்தால் கறிமசாலாவாகவே நின்றுகொண்டிருந்த தூள், இந்தத் தடவைதான் ஓல்ட் பே என்ற அமெரிக்க நண்டு, இறால் மசாலாவின் பக்கம் திரும்பியிருக்கிறது. காரணம் ஒரே ஒரு சாமான், செலரி என்ற இங்கிலீஷ் கீரைத்தண்டு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவில் முக்கால்வாசி. மீன் கழுவுவது, நண்டு உடைப்பது எல்லாம் இங்கே வருகிறவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குஸ்தாவ் புருன் என்ற மசாலா வியாபாரி 1939-இல் கூட்டிய தூள் இது. 1990-இலிருந்து மெக்கார்மிக் கம்பெனி கையில் இருக்கிறது. டப்பாவில் செலரி உப்பு, மிளகு, மிளகாய் சேர்ந்த மசாலாக்கள், பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மற்றதெல்லாம் நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்க வேண்டியது. ஆனால் அதே டப்பாவில் இன்னொரு துப்பு இருக்கிறது: கால் டீஸ்பூனுக்கு, அதாவது 0.6 கிராமுக்கு, சோடியம் 140 மி.கி. கணக்குப் போட்டால் தூளில் ஏறக்குறைய 60 சதவீதம் வெறும் உப்பு. இணையத்தில் சுற்றும் 'உப்பில்லாத ஓல்ட் பே' குறிப்புகளை அப்படியே செய்துவிட்டு, வாசனை தூக்கலாக இருக்கிறது, ருசி ஒட்டவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். உப்பு இங்கே மசாலாவைத் தாங்குகிற சாமான், பாதிக்கு மேல் அதுதான்.

இனி செலரி.

கைக்கு எட்டுகிற தூரத்தில் ஓமம் இருப்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் போடுவார்கள். பார்க்க ஒரே ஜாதி, செடிக் குடும்பமும் ஒன்றுதான். ஆனால் ஓமத்தின் வாசனை தைமால் என்ற பொருளால் வருவது. நூறு கிராம் தூளில் 2 கிராம் ஓமம் போனாலே இறால் மேல் ஓமத்திரவம் ஊற்றின மாதிரி ஆகிவிடும். அளவைக் குறைத்தும் பயனில்லை. குறைத்தால் ஒன்றுமே தெரியாது, கூட்டினால் மருந்து. நடுவில் செலரி என்று ஓர் இடம் வரவே வராது. செலரி வாசனையைத் தருவது தாலைடு என்ற வேறு வகைப் பொருள்கள், அது ஓமத்தில் இல்லை.

அடுத்தது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அசமதாகம். வங்காளிகள் ராந்துனி என்று தாளிக்கப் போடுவது இதுதான். இதில் செலரியும் பார்ஸ்லியும் கலந்த வாடை நிஜமாகவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது. ஒரு கடையில் அசமதாகம் என்று சாதா ஓமத்தையே மடித்துக் கொடுப்பார்கள், இன்னொரு கடையில் 'அதே வகைதானுங்க' என்று குரோசாணி ஓமத்தை நீட்டுவார்கள். குரோசாணி ஓமம் மருந்துச் சரக்கு, நஞ்சுள்ளது, சமையலுக்கு அதைத் தொடவே கூடாது. பார்த்தே பிரித்துவிடலாம். குரோசாணி தட்டையாக, சிறுநீரக வடிவில், மேலே வலை போட்ட மாதிரி இருக்கும், வரிக்கோடு இருக்காது. ஓமமும் அசமதாகமும் செலரி விதையும் நீளவாக்கில் வரி ஓடியவை. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கக் கண்ணை நம்பாதீர்கள். ஒரு சிட்டிகையை இடது உள்ளங்கையில் போட்டு வலது கட்டை விரலால் பத்துப் பதினைந்து தேய் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு மோந்து பாருங்கள். ஓமம் உடனே மூக்கில் ஏறும். அசமதாகத்தில் பச்சைத் தழை வாடை வரும், பின்னால் கொஞ்சம் காரல். செலரி விதை மெதுவாகத்தான் எழும், மூன்றிலும் மிகப் பொடிசு, கடித்தால் கசப்பு நாக்கின் அடியில் தங்கும். அந்தக் கசப்புதான் ஓல்ட் பேயின் அடையாளம்.

அசல் செலரி விதை பஞ்சாபில் விளைந்து பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகிறது. நம்ம ஊர் மளிகையில் கேட்டால் முழிப்பார்கள். ஆன்லைனில் 100 கிராம் பாக்கெட் கிடைக்கிறது, அது போதும். கோயம்புத்தூரில் விதைக்கடையிலும் செலரி விதை இருக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விதைப்புக்கு விற்கும் விதையில் பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்து நேர்த்தி செய்திருப்பார்கள். அதை அரைக்கக் கூடாது.

விதை மட்டும் போட்டால் கசப்பும் கனமும் வரும், ஆனால் மேலே நிற்கிற பச்சை வாசனை வராது. அந்த மேல்வாசனைக்கு ஊட்டி செலரித் தழை. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக இறங்கும் இங்கிலீஷ் காய்களோடு செலரியும் வருகிறது. கடைக்காரர்கள் தண்டை மட்டும் நிறுத்தி வைத்துத் தழையை ஒடித்துக் கீழே போட்டுவிடுவார்கள். "ஏனுங்ணா, அந்தத் தழைய வீசிராதீங், ஒரு கவர்ல போட்டுக் குடுங்" என்றால் பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். வாசனை தண்டைவிடத் தழையில்தான் அதிகம். தண்டில் தண்ணீரே 95 சதவீதம், காயவைத்தால் நார்தான் மிஞ்சும்.

காயவைப்பதில்தான் தோற்பார்கள். வெயிலில் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும், ஆனால் பழுப்பாகி வைக்கோல் வாடை வந்துவிடும். மைக்ரோவேவில் நிறம் நிற்கும், வாசனை ஆவியோடு போய்விடும். நிழல் காய்ச்சல்தான் வழி, அதற்கு நம்ம பக்கத்து ஆடிக்காத்து மாதிரி வேறொன்று கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில், தழையைக் கழுவி, வெள்ளைத் துணியில் ஒற்றி, ஈரம் சுத்தமாக எடுத்து, சல்லடைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி மேலே ஒரு கொசுவலைத் துணி போட்டுவிட்டால் இரண்டு மூன்று நாளில் நொறுங்கும் பதம் வந்துவிடும். தட்டு ஜன்னல் ஓரத்தில், வெயில் படாமல். ஐப்பசி மழையில் இதைச் செய்யாதீர்கள், தழை காய்வதற்குள் பூசணம் பிடிக்கும். கால் கிலோ தழை காய்ந்தால் ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் வரும்.

காய்ந்த தழையைத் தனியாக அரைத்தால் மிக்ஸியில் பறக்குமே தவிர அரைபடாது. பொடியுப்போடு சேர்த்து அரையுங்கள், உப்புக் கல் தழையை அறுத்துக் கொடுக்கும். இப்போது பிடிபட்டிருக்கிற விகிதம்: விதை 10 பங்கு, தழை 4 பங்கு. விதை கிடைக்காமல் அசமதாகம் போடுவதாக இருந்தால் 6 பங்கு போதும், தழையை 6 ஆகக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதன் காரல் செலரியைவிடத் தூக்கல். இந்த இரண்டாவது விகிதத்தில் வருவது ஓல்ட் பேக்கு முக்கால் தூரம். இறாலுக்கு ஓகே, அவித்த நண்டுக்குக் கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரியும்.

நூறு கிராமுக்கு முழுக் கணக்கு இது. பொடியுப்பு 58, செலரி விதையும் தழையும் சேர்ந்து 14, பாப்ரிகாவுக்குப் பதில் பியாடகி மிளகாய் 10, மிளகு 4, கடுகு 4, பே இலை 2.5 (நம்ம பிரிஞ்சி இலை போடுவதானால் கணக்கு மாறும், கீழே இருக்கிறது), காரத்துக்குக் குண்டு மிளகாய் 2, சுக்கு 1.5, ஆல்ஸ்பைஸ் 1, ஜாதிபத்திரி 0.8, கிராம்பு, ஏலக்காய், பட்டை தலைக்கு 0.6, ஜாதிக்காய் 0.4. அரை கிராம் கணக்குகளுக்கு நகைக்கடைத் தராசு போல் 0.1 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு வேண்டும். ஸ்பூனில் அளந்தால் கிராம்பு ஒரு நாள் கத்தும், ஒரு நாள் காணாமல் போகும்.

எதையும் வறுக்கக் கூடாது. நம்ம கை தானாக வாணலியைத் தேடும், தெரியும். வறுத்த மணம் வந்த நிமிஷம் அது குழம்புப்பொடி. கடுகை வறுத்தால் அதன் காரத்தைக் கிளப்புகிற நொதியும் செத்துவிடும், அப்புறம் வெறும் கசப்பு. வெயிலில் ஒரு மணி நேரம் சூடேற்றினால் போதும். அதே மாதிரி மஞ்சள் கிடையாது, மல்லி கிடையாது. ஈரோட்டுக்காரர்கள் மன்னிக்கவும்.

பியாடகியில் காம்பும் விதையும் எடுத்துவிட்டு, ஒடித்தால் சத்தம் வரும்வரை காயவைக்க வேண்டும். பாப்ரிகாவுக்கு வேண்டியது நிறமும் லேசான இனிப்பும் மட்டும். விதையை எடுக்காமல் விட்டால் தூள் மஞ்சளடித்து நிற்கும்.

பிரிஞ்சி இலையில் இன்னும் திருப்தி இல்லை. பிரியாணிக்குப் போடும் நம்ம இலையில் மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடும், அது பட்டை இனம், வாசனையும் பட்டை வாசனை. அவர்கள் போடும் பே இலை வேறு மரம், நடுவில் ஒரே நரம்பு, லேசாக யூகலிப்டஸ் வாடை. அந்த ஒற்றை நரம்பு இலை பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டு பாட்டிலில் வருகிறது, விலையைப் பார்த்தால் வைத்துவிட்டு வரத் தோன்றும். நம்ம இலையைப் போடுவதாக இருந்தால் பட்டையை 0.6-இலிருந்து 0.2-க்கு இறக்கி, ஏலக்காயை 1 ஆக ஏற்றுங்கள். ஏலக்காயில் அந்த யூகலிப்டஸ் குளிர்ச்சி கொஞ்சம் உண்டு. இது பாதி வைத்தியம்தான்.

ஆல்ஸ்பைஸ் காய் ரங்கே கவுடர் வீதியில் கேட்டால் சில கடைகளில் வால்மிளகைக் கொடுப்பார்கள். அது அல்ல. வால்மிளகில் காம்பு வாலாக நிற்கும், ஆல்ஸ்பைஸ் உருண்டையாக, கிராம்பு வாசனையோடு இருக்கும். கிடைக்காவிட்டால் கிராம்பு 0.5, பட்டை 0.3, ஜாதிக்காய் 0.2 கூடுதலாகப் போட்டுவிடலாம், பெரிய குறை தெரியாது. கேரள நர்சரிகளில் சர்வசுகந்தி என்று இதன் செடியையே விற்கிறார்கள், இலையைக் கசக்கினாலே கிராம்பு மணக்கும். ஒரு செடி வாங்கி வைப்பதுதான் அடுத்த திட்டம். பிரிஞ்சி இலைப் பஞ்சாயத்துக்கு அந்த இலையே தீர்வாகலாம் என்று ஒரு கணக்கு ஓடுகிறது.

ஜாதிபத்திரிக்குக் கவலையே இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக ஜாதிக்காய் நிற்கிறது. தோப்புக்காரரிடம் நேரே வாங்கினால் பத்திரி முழுசாகக் கிடைக்கும், கடைச் சரக்கு மாதிரி நொறுங்கல் இல்லை. பறித்தபோது ரத்தச் சிவப்பு, காய்ந்தால் ஆரஞ்சும் மஞ்சளுமாக மாறும். காய்ந்த பிறகும் கருஞ்சிவப்பாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

அரைக்கும் வரிசை முக்கியம். சுக்கையும் பட்டையையும் முதலில் உரலில் தட்டி, பிறகு மிக்ஸியில் ஓட்டி, சலித்து, சல்லடையில் மேலே நிற்கிற சுக்கு நாரை வீசிவிட வேண்டும். அடுத்து மிளகு, மிளகாய், இலை. செலரி விதையும் கடுகும் மூன்றில் ஒரு பங்கு உப்போடு. எண்ணெய் கூடுதலான ஜாதிக்காய், பத்திரி, கிராம்பு கடைசியில், இன்னொரு பங்கு உப்போடு. ஒரு ஓட்டு பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஜார் சூடானால் எண்ணெய் கக்கி அடியில் அடையாக ஒட்டும், சுரண்டி எடுத்தாலும் மணம் போயிருக்கும். கல்லுப்புதான் போடுவேன் என்பவர்கள் அதை மட்டும் வாணலியில் ஈரம் போகச் சூடாக்கி ஆறவைத்து அரையுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் பாட்டிலோடு கல்லாகிவிடும். அரைத்து ஒரு வாரம் மூடி வைத்தபிறகுதான் ருசி பார்க்க வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்குதான் சோதனைக்குச் சரி, முட்டையில் அதன் வாடையே குறுக்கே வரும்.

நண்டுக்கு ஒரு கிலோவுக்கு 30 கிராம். தண்ணீரும் வினிகரும் சரிபாதி ஊற்றி, தட்டில் நண்டை அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் தூவி, 15 முதல் 20 நிமிஷம் ஆவி. பாத்திரம் எவர்சில்வர் இட்லிப் பானையாக இருக்கட்டும், அலுமினியத்தை வினிகர் அரிக்கும். இதற்கு உப்பைக் கொஞ்சம் கரகரவென்று விட்டால் ஓட்டில் ஒட்டி நிற்கும். பால்டிமோர் இருக்கிற மேரிலாந்து மாநிலத்தில் நண்டு அவிக்கும் கடைகள் பலவும் கரகர உப்புள்ள ஜே.ஓ. என்ற இன்னொரு தூளைப் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். உக்கடம் மார்க்கெட்டில் நீலக்கால் நண்டு வரும் நாளில் வாங்கினால் அவர்களுடைய நண்டுக்குக் கிட்டத்தில் இருக்கும். இறால் அரைக் கிலோவுக்கு 10 கிராம், தனியாக உப்பு கிடையாது.

ஆழியார், பவானிசாகர் அணை மீனுக்கு இதை நேரே தூவாதீர்கள். கட்லாவிலும் ஜிலேபியிலும் இருக்கிற சேற்று வாடையைச் செலரி மறைக்காது, எடுத்துக்காட்டும். மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவிவிட்டு, துடைத்து, அப்புறம் தூவி ரவையில் புரட்டிப் பொரித்தால் நன்றாக வருகிறது. மரவள்ளி சிப்ஸ் மேல் தூவியது மீனைவிட வேகமாகக் காலியாகிறது, அதற்கு மட்டும் உப்பை 45-க்குக் குறைத்து ஒரு தனி பாட்டில் கலந்துகொண்டிருக்கிறது. ஒற்றை நரம்பு பே இலை மலிவாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கடைப் பெயரும் கிலோ விலையும் சொல்லுங்கள்.