41 வட்டங்கள்

அண்ணாச்சி என் நாவல் பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது, தாமிரபரணி என்ற பெயர் வந்த இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். எண்ணினேன். 41.

“கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆத்துப் பேரை மட்டும் எடுத்துருங்க. உசுரோட இருக்கிறவளுக்கு ஒப்பாரி வைக்கலாமா?”

கோடகன் கால்வாயில் மடை திறந்து அடைத்தே ஓய்வுபெற்றவர் அவர். என் நாவலில் 2090-இல் ஒரு நிர்வாகம் ஆற்றை எடுத்துக்கொள்கிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு, எட்டு அத்தியாயம். ஒவ்வொன்றாகக் கால்வாய்கள் அடைபடும். கடைசியில் குடிதண்ணீருக்கும் அட்டை. தொழில் விவரம் சரியா என்று பார்க்கத்தான் அவரிடம் கொடுத்தேன். ஒரே ஒரு தப்பு சொன்னார்: பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவிய நேரத்தில் எவனும் மொத்தமாக அடைக்க மாட்டான், முறை வைத்து விடுவான், வயல்காரன் தன் முறைக்கு ராத்திரியெல்லாம் வரப்பில் காத்துக் கிடப்பான். “பயம் அங்கதான் இருக்கு.” அரியநாயகிபுரம் அத்தியாயத்தை அன்றே திருப்பி எழுதினேன்.

இவ்வளவு தெரிந்தவர் சொல்வதை எப்படித் தள்ளுவது? வெறும் ‘ஆறு’ என்று மாற்றினேன். புத்தகமும் வந்தது.

பெயரில்லாவிட்டால் பாலாற்றங்கரைக்காரரும் தன் ஆறாகப் படிப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் கெட்டகாலத்தை எழுதுகிறவன் ‘இங்கேதான் நடக்கும்’ என்று கைகாட்ட வேண்டாமா? மணல் அள்ளக் கூடாதென்று 2010-இல் உயர் நீதிமன்றம் தடை போட வேண்டி வந்ததே, பெயரில்லாத ஆற்றிலா அள்ளினார்கள்?

அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் முருகன் கோயில் முங்கிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் வற்றவைத்து எழுதிய ஆறு. நல்லவேளை, பெயர் போடவில்லை என்று ஒரு நிமிடம் நிம்மதி வந்தது. ஊரெல்லாம் வீட்டை இழந்து நிற்கும்போது என் புத்தகத்தைக் காப்பாற்றிக்கொண்ட நிம்மதி. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தண்ணீர் வடிந்ததும் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. மருமகள் ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பேரை எடுத்துட்டீயளா?”

“எடுத்துட்டேன் அண்ணாச்சி.”

கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். “அது அப்பம் சொன்னது,” என்றார்.

இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுபதிப்புக்குப் பிரதி அனுப்ப வேண்டும். இன்னும் அனுப்பவில்லை.