மேட்டு மறைவில் ஒரு பழைய பூஸ்டர்: தெலுக் பஹாங்கில் செய்து பார்த்தது

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் உள்ள தெலுக் பஹாங்கில், கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு டிவி அலை கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. கெடாவின் குனோங் ஜெராய், 1217 மீட்டர் உயர மலை, அங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் வடகிழக்கே கடலுக்கு அப்பால் நிற்கிறது. வடக்கு மாநிலங்களுக்கான ஒளிபரப்பு அதன் உச்சியிலிருந்து வருகிறது. என் அத்தை வீட்டுக்கு அந்த வசதி அமையவில்லை. அணைக்குப் போகும் சாலையில் உள்ளே தள்ளி, டுரியான் மரங்களும் ஜாதிக்காய் மரங்களும் சூழ்ந்த பள்ளத்தில் அந்த வீடு இருக்கிறது. வடகிழக்கே எழும் ஒரு மேடு ஜெராயை முற்றிலும் மறைத்துவிடுவதால், அலை அந்த மேட்டின் விளிம்பில் வளைந்து கீழே இறங்கினால்தான் உண்டு.

2019-ஆம் ஆண்டில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்படும்வரை, அலை குறைந்த இடத்திலும் படம் புள்ளி புள்ளியாகவாவது தெரிந்தது, குரலும் கேட்டது. இப்போதைய டிஜிட்டல் ஒளிபரப்பான டிவிபி-டி2 முறையில் அந்தச் சலுகை இல்லை. அலைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதம் ஓர் எல்லைக்கு மேல் இருக்கும்வரை படம் குறையே இல்லாமல் வரும். அந்த எல்லைக்கு ஓரிரு டெசிபல் (அலையின் வலுவை ஒப்பிடும் அளவு) கீழே போனவுடன் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அத்தைக்குத் தேவையானவை அதிகம் இல்லை. டிவி2-இல் தமிழ்ச் செய்தி, டிஜிட்டல் அலையைப் படமாகவும் குரலாகவும் மாற்றும் அதே டிகோடர் பெட்டியில் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி, இவை இரண்டும் தடையின்றி வந்தால் போதும். செய்தி நேரத்தில்தான் படம் அடிக்கடி நின்றது.

வீட்டில் முன்பே ஒரு புதிய பூஸ்டர், அதாவது ஏரியல் பிடிக்கும் அலையைப் பெருக்கும் சிறு பெட்டி, இருந்தது. 34 டெசிபல் என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டு விற்கும் வகை. டிவிக்குப் பின்னால், கேபிள் வந்து சேரும் இடத்தில் மாட்டியிருந்தார்கள். டிகோடரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று அலையின் வலு, மற்றொன்று அலையின் தரம். பூஸ்டரைச் செருகியபோது வலு 55 சதவீதத்திலிருந்து 90-க்கு மேல் ஏறியது. தரமோ 30-க்கும் 40-க்கும் இடையில் முன்பு ஆடியபடியே ஆடியது. குறைந்த அலை இருக்கும் ஊர்களில் பூஸ்டர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பூஸ்டர் தன்னிடம் வருவதைப் பெருக்கும். அலையோடு சேர்ந்து வரும் இரைச்சலையும் அதே அளவு பெருக்கும். போதாததற்குத் தன் சொந்த இரைச்சலையும் சேர்க்கும். கேபிளில் தேய்ந்து வந்த அலையைக் கேபிளின் கடைசியில் பெருக்கினால், தேய்ந்தது தேய்ந்ததுதான்.

ஆகவே பூஸ்டரைத் தொடுவதற்கு முன்னால் ஏரியலின் இடத்தை ஆராய்ந்தேன். சின்ன டிவி ஒன்றையும் டிகோடரையும் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு முற்றத்துக்கே கொண்டு வந்து, ஏரியலை மூன்று மீட்டர் கேபிளோடு நீண்ட கம்பத்தில் கட்டி, மனையின் ஒவ்வொரு பகுதியிலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மேட்டுக்கு அருகில், கூரையின் உயரமான முனையில்தான் நன்றாக இருக்கும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் மிகச் சிறந்த தரம் கிடைத்தது மேட்டுக்கு எதிர்ப்புறம், வீட்டுக்குப் பின்னால் பழைய கோழிக்கூண்டு இருந்த மூலையில். காரணம் எளிது. மேட்டின் காலடியில் நின்றால், விளிம்பைத் தாண்டிய அலை மிகச் செங்குத்தாக வளைந்து இறங்க வேண்டும். விலகிப் போகப் போக வளைய வேண்டிய கோணம் குறைந்து, இழப்பும் குறையும். அந்த மூலையில் அரை மீட்டர் இடம் மாற்றினாலும் தரம் பத்துப் பதினைந்து சதவீதம் ஏறி இறங்கியதால், கம்பத்தை ஊன்றும் புள்ளியைத் தேர்ந்தெடுக்கவே ஒரு மாலை முழுவதும் செலவிட்டேன். அந்த மாலையை மிகுந்த பயனுள்ளதாகக் கருதுகிறேன்.

நல்ல இடம் கிடைத்தாலும் அதிலிருந்து வரவேற்பறைக்குக் கேபிள் முப்பது மீட்டர் ஓட வேண்டும். ஆர்ஜி-6 என்ற ஏரியல் கேபிளில் 600 மெகாஹெர்ட்ஸ் அளவில் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 17 டெசிபல் இழப்பு இருப்பதால், முப்பது மீட்டருக்கு ஐந்து டெசிபல் போய்விடும். மாடி அறையிலும் ஒரு டிவி இருப்பதால் இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இன்னொரு நான்கு டெசிபலை எடுத்துக்கொள்ளும். டிகோடரின் உள்ளே அலையைப் பிரித்தெடுக்கும் டியூனரின் இரைச்சல் எண்ணை (ஒரு கருவி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு; குறைவாக இருந்தால் நல்லது) ஆறு டெசிபல் என்று வைத்தால், ஏரியலின் முனையிலிருந்து பார்க்கும்போது மொத்த இரைச்சல் எண் 15 டெசிபல் ஆகிறது. கம்பத்தின் உச்சியிலேயே, இரைச்சல் எண் மூன்று டெசிபலும் பெருக்கம் 20 டெசிபலும் உள்ள பூஸ்டரை வைத்தால் அந்த மொத்தம் ஏறத்தாழ 3.6 ஆகக் குறைகிறது; பதினோரு டெசிபலுக்கு மேல் ஆதாயம். பெருக்கத்தை 20-லிருந்து 34-ஆக உயர்த்தினால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டேன். மொத்தம் 3.6-லிருந்து 3.0-க்கு மட்டுமே இறங்குகிறது. அட்டையில் பெரிதாக அச்சிட்ட எண்ணுக்குக் கிடைக்கும் பலன் அரை டெசிபலுக்குச் சற்று மேல்தான். பூஸ்டர் எங்கே இருக்கிறது, அதன் முதல் டிரான்சிஸ்டர் எவ்வளவு அமைதியாக வேலை செய்கிறது என்பவையே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

கம்ப உச்சியில் மாட்டும் பூஸ்டர் ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தது. அனலாக் காலத்தில் மாமா வாங்கிப் பொருத்தியது. ஏரியல் சாய்ந்தபோது கழற்றி, கொட்டகையில் ஆணியில் மாட்டிவைத்திருந்தார்கள். அது இரண்டு பகுதிகளைக் கொண்டது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி கம்பத்தில் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான பெட்டி டிவியின் அருகில் இருந்து, அலை இறங்கி வரும் அதே கேபிளின் வழியாக 12 வோல்ட் மின்சாரத்தை மேலே அனுப்பும். மேல்பெட்டியைத் திறந்தபோது பல்லி முட்டையின் வெள்ளை ஓடுகள் இரண்டு உள்ளே கிடந்தன. ஏரியல் வயரை இறுக்கும் திருகுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பலகையில் குறைந்த அதிர்வெண் கொண்ட விஎச்எஃப் அலைக்கு ஒரு பாதை, உயர்ந்த அதிர்வெண் கொண்ட யுஎச்எஃப் அலைக்கு ஒரு பாதை என்று தனித்தனியாகப் பிரித்து, யுஎச்எஃப் பாதையில் பிஎஃப்ஆர்91ஏ டிரான்சிஸ்டர் இரண்டைப் பொருத்தியிருந்தார்கள். அந்த வகை டிரான்சிஸ்டர் இன்றைய அளவுகோலிலும் மட்டமானது அன்று. சரியான மின்னோட்டத்தில் 800 மெகாஹெர்ட்ஸிலும் அதன் இரைச்சல் எண் இரண்டு டெசிபலுக்குள் அடங்கும். சுற்றமைப்பின் மற்ற இழப்புகளையும் சேர்த்தால் பெட்டி முழுவதற்கும் மூன்று, நான்கு டெசிபல் எதிர்பார்க்கலாம். இதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

கீழ்ப்பெட்டியை முதலில் கவனித்தேன். பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியச் சற்றுநேரம் விட்டு, பிறகே திறந்தேன். 240 வோல்ட் வரும் பெட்டி என்பதால் இதில் அவசரம் கூடாது. 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. மல்டிமீட்டரில் நேர்மின்னழுத்தம் 12-க்கு அருகில் காட்டினாலும், ஏசி அளவில் வைத்துப் பார்த்தபோது ஒரு வோல்ட்டுக்கு மேல் அலைந்தது. இந்த அலைவு அனலாக் திரையில் மேலும் கீழும் நகரும் கறுப்புப் பட்டையாகத் தெரியும். டிஜிட்டலில் எதுவும் தெரியாது, தரப் பட்டை மட்டும் காரணம் புரியாமல் துடிக்கும். கெப்பாசிட்டரை மாற்றி, மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் 7812 ரெகுலேட்டர் ஒன்றையும் சேர்த்தபின் ஏசி அளவு மீட்டரில் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிட்டது.

மேல்பெட்டியில் களிம்பைச் சுரண்டித் துடைத்து, திருகுகளைப் புதியவையாக மாற்றி, வெடித்திருந்த ஈயப் பற்றுகளைத் திரும்பப் பற்றவைத்தேன். விஎச்எஃப் பாதைக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டேன். இப்போதைய டிவி ஒளிபரப்பு முழுவதும் யுஎச்எஃபில் இருப்பதால் அந்தப் பாதைக்கு வேலை இல்லை. சும்மா விட்டால் எஃப்எம் வானொலி அலைகளை உள்ளே இழுத்து, பெருக்கி, டியூனருக்குச் சுமையாக்கும். ஏரியலில் அலையைப் பிடிக்கும் பகுதியான மடித்த டைபோலின் மின்மறிப்பு 300 ஓம், பெட்டியின் உள்ளீடும் 300 ஓம்; இரண்டும் பொருந்துகின்றன. ஆகவே தட்டை வயரை விரல் நீளத்துக்கு மேல் விடாமல் நேராக இணைத்தேன். தட்டை வயர் மழையில் நனைந்தால் இழப்பு கூடும் என்பதால், பெட்டி டைபோலை ஒட்டியே இருக்க வேண்டும்.

மாட்டிய அன்று இரவு தரப் பட்டை 70-ஐத் தாண்டி அசையாமல் நின்றது. வலு 80-ஐ எட்டவில்லை. புதிய பூஸ்டர் காட்டியதைவிடக் குறைவு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே பார்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மறுநாள் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டு, "நேத்து ராத்திரி செய்தி ஒரு தடவைகூட நிக்கலப்பா" என்றார்.

ஆனால் மாலை நேரங்களில் மட்டும் தரம் திடீரென்று சரிந்து மீள்வதை அடுத்த வாரம் கவனித்தேன். பின்னிரவில் அப்படி நடக்கவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் அதனோடு தொடர்பு தெரியவில்லை. பழைய பெட்டி 470 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை பெருக்கும்படி செய்யப்பட்டது. இன்று மலேசியாவில் டிவிக்கு உள்ள இடம் 694-இல் முடிகிறது. அதற்கு மேலே 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5ஜி கைப்பேசி அலை ஓடுகிறது. கைப்பேசிக் கோபுரம் ஒன்று சாலை வளைவில், ஏரியலுக்கு ஏறக்குறைய நேர் எதிரே இருக்கிறது. மாலையில் ஊரே கைப்பேசியில் இருக்கும்போது அந்த வலுவான அலை பூஸ்டரின் டிரான்சிஸ்டரைத் திணறடிக்கிறது. திணறும் டிரான்சிஸ்டர் இல்லாத அலைகளைக் கலந்து உருவாக்கி, மெலிந்த ஜெராய் அலையின் மேல் கொட்டுகிறது. 694-க்கு மேல் தடுக்கும் சிறு ஃபில்டர் ஒன்றை வாங்கினேன். இதை ஏரியலுக்கும் பூஸ்டருக்கும் நடுவில்தான் வைக்க வேண்டும். பூஸ்டருக்குப் பின்னால் வைத்தால், திணறல் நடந்து முடிந்த பிறகு தடுப்பதாகிவிடும். ஃபில்டர் 75 ஓம் வகை என்பதால் டைபோலில் 300-ஐ 75-ஆக்கும் சிறு ஃபெரைட் பாலன் ஒன்றைச் சேர்த்து, பெட்டியின் உள்ளே இருந்த பாலனைத் தாண்டி நேராகப் பலகையில் இணைத்தேன். ஃபில்டர் தன் பங்குக்கு ஒரு டெசிபல் அளவு எடுத்துக்கொள்ளும், அது நேராக இரைச்சல் எண்ணில் சேரும். அப்படியும் மாலைச் சரிவு நின்றுபோனதால் அந்த இழப்பை மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில சிறு விவரங்கள் உதவும். மின்சாரம் மேலே போகும் வழியில் ஸ்பிளிட்டர் இருக்கக் கூடாது. கீழ்ப்பெட்டிக்குப் பிறகுதான் பிரிக்க வேண்டும், அல்லது மின்சாரத்தைக் கடத்தும் வகை ஸ்பிளிட்டர் வாங்க வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்குள் ஏறாது. இணைப்பின் மேல், இழுத்துச் சுற்றினால் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றலாம். சாதாரணக் கறுப்பு டேப் நம் ஊர் வெயிலில் ஓராண்டுகூடத் தாங்குவதில்லை. கம்பத்துக்குத் தனியாக எர்த் கம்பி அவசியம் இறக்க வேண்டும், இடி மின்னல் அதிகமான தீவு இது. பழைய கம்ப பூஸ்டர்கள் லோரோங் குலிட் போன்ற பழைய பொருள் சந்தைகளில் சில வேளைகளில் கண்ணில் படும்; வாங்கும்போது மேல்பெட்டியையும் கீழ்ப்பெட்டியையும் ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள், ஏனெனில் 12 வோல்ட் எதிர்பார்க்கும் பெட்டிக்கு 24 வோல்ட் கொடுத்தால் டிரான்சிஸ்டர் அப்போதே போய்விடும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெருமழைக்குப் பிறகு, ஏரியலுக்கு முன்னால் உள்ள டுரியான் மரத்தின் இலைகள் நனைந்திருக்கும்வரை தரம் 60-க்கு இறங்குகிறது. படம் நிற்பதில்லை; ஆனால் மாடி அறை டிவியில் எல்லைக்கு மிக அருகில் போகிறது. மரத்தை வெட்ட அத்தை சம்மதிக்க மாட்டார், நானும் கேட்கப் போவதில்லை. கம்பத்தை இரண்டு மீட்டர் உயர்த்தி, கிளைக்கு மேலாக அலையைப் பிடிக்க முடிகிறதா என்று அடுத்து பார்க்கப் போகிறேன். கம்பத்தை இழுத்துக் கட்ட மூன்று பக்கமும் கம்பி வேண்டும். அதற்கான கொக்கிகளைச் சுவரில் பதித்தாகிவிட்டது.