வந்துட்டியா?

டோக்கியோவில் 11 மாதம் இருந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிய மூன்றாம் நாள். காலையில் அம்மா காபி கொண்டுவந்தார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "ரொம்ப நன்றிம்மா" என்றேன். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "விருந்தாளி மாதிரி என்னடா நன்றியெல்லாம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர் வெகுநேரம் கூடத்துப் பக்கம் வரவே இல்லை.

கிளம்பும்போது மொழி, சாப்பாடு, குளிர் என்று ஆளாளுக்கு எச்சரித்தார்கள். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன். வெளிநாடு போனவரின் மனசு 'யூ' எழுத்து மாதிரி இறங்கி ஏறும் என்று 1955இல் நார்வேக்காரரான லிஸ்கார்ட் எழுதினார். ஊர் திரும்பியதும் இன்னொரு பள்ளம் இருக்கிறது என்று சொல்லி, 1963இல் கல்லஹார்ன் தம்பதி அதை 'டபிள்யூ' ஆக நீட்டினார்கள். எனக்கு அந்த இரண்டாவது பள்ளம்தான் ஆழம்.

டோக்கியோவில் நிஷி கசாயில் தங்கியிருந்தேன். காலை நேரத் தோசாய் லைன் ரயிலில் கையைத் தூக்கக்கூட இடம் இருக்காது. அவ்வளவு கூட்டத்திலும் பேச்சுச் சத்தம் கேட்காது. இங்கே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பாட்டு, விசில், ஹாரன் எல்லாம் சேர்ந்து தலையை வலித்தது. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி, "எந்த ஊரு தம்பி? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மடியிலிருந்த பூப்பையை இழுத்து அணைத்துக்கொண்டு, அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. 11 மாதத்தில் அந்த ரயிலில் ஒருவர்கூட என்னிடம் அப்படி விசாரித்ததில்லை. விசாரித்த ஒருவரை நான் வாயடைத்துவிட்டேன். இன்னும் அது உறுத்துகிறது.

காவிரிப் பாலத்தில் முன்சீட்டுக்காரர் காலி தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியே வீசினார். டோக்கியோ தெருவில் குப்பைத்தொட்டியைப் பார்ப்பதே அரிது. பாட்டிலைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அலசி, அதற்குரிய நாளில்தான் வெளியே வைப்போம். சுள்ளென்று கோபம் வந்தது. முன்பு இதே ஆற்றைப் பார்த்து எனக்கு இந்தக் கோபம் வந்ததில்லை. மற்றப் பழக்கங்கள் போனால் போகட்டும், இது என்னோடு இருக்க வேண்டும்.

ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'இத்தேகிமாஸ்' என்பார்கள். பிரித்துப் பார்த்தால் நம்முடைய 'போயிட்டு வரேன்' அப்படியே இருக்கிறது. திரும்பி வந்ததும் 'ததாய்மா' என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்கள் 'ஒகாயெரி' என்பார்கள். கீழ்வீட்டுப் பாட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி தினமும் எனக்கு அதைச் சொல்வார்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, நுனி வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். 'ததாய்மா' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டியா? கை கால் கழுவிட்டு வா, தோசை ஊத்துறேன்."

"வந்துட்டேம்மா."

தட்டில் தோசை விழுந்தது. நன்றி சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டை நீட்டினேன்.

"இன்னொண்ணு போடும்மா. கொஞ்சம் முறுகலா."